சிவப்புக் குச்சிப் பாத்திகள்

செப்டம்பர் 12, வியாழன்

இன்றைக்கும் வழக்கம்போல பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் மாறி மாறி ஓட்டம். ஒவ்வொரு தடவை பேரளி தாண்டும்போதும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அந்தா, சிவப்புக் குச்சியும் வெள்ளைக் குச்சியும் நட்டிருக்கு பாருங்க, அதான் நம்ம வெங்காயக் காடு. எம் பொண்ணு ஆராய்ச்சி பண்ணுது" என்று அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் சத்தமாகச் சொல்வதுதானே கண்டக்டர் வேலை.

டிரைவர் முருகையன் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தான். "அண்ணே, ஒரு மைக் வாங்கிக்கங்க. டூரிஸ்ட் பஸ்ஸா மாத்திப்புடுவோம்."

பொறாமை. அவன் மகன் இன்னும் பிளஸ் டூ அரியரோடு நிற்கிறான். (நானும் அப்படி நின்றவன்தான். அதை முருகையனிடம் சொன்னதில்லை.)

செப்டம்பர் 15, ஞாயிறு

மகள் மலர்க்கொடி நேற்று காலை கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். இன்று மத்தியானம் கிளம்பிவிட்டாள். பிஎச்.டி. நாலாவது வருஷம். வந்தால் அம்மா கையால் சாப்பிடுவதற்கு முன்னால் வெங்காயத்தைத்தான் பார்க்கிறாள்.

சிவப்புக் குச்சிப் பாத்திகளுக்கு மட்டும் ஒரு தண்ணீர் தெளித்தாள். இறால் ஓட்டிலிருந்து எடுத்த தூளைக் கரைத்ததாம். வெள்ளைக் குச்சிக்கு வெறும் தண்ணீர். "புரட்டாசி பொறக்கப் போவுது, நீ வெங்காயத்துக்குக் கவிச்சி போடுறியே" என்றேன். சிரித்தாள்.

இதை எழுதி வைத்துக்கொள்கிறேன், மறந்துபோகும். பூஞ்சை உடம்பிலும் இறால் ஓட்டிலும் ஒரே சரக்கு இருக்கிறதாம். அது மேலே பட்டதும் செடி, பூஞ்சை வந்துவிட்டது என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளுமாம். எங்கள் பக்கத்தில் மழை பிடித்தால் கோழிக்கால் நோய் வரும். தாள் எல்லாம் முறுக்கிக்கொண்டு கோழிக்கால் மாதிரி வளைந்து, ஒரு வாரத்தில் காடே படுத்துவிடும். அது வருவதற்கு முன்னாலேயே செடியை உஷார் படுத்தி வைப்பதுதான் இவள் வேலை.

"செடிக்குக் கண்ணா, காதா? எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"உங்க பஸ் மாதிரிதான்ப்பா. கூட்டத்துல பின்படியில ஏறுன ஆளு காசை எப்படிக் குடுப்பாரு?"

"கை மாத்திக் கை மாத்தித்தான்."

"அதேதான். செல்லோட தோல்ல ஒரு புரதம் நிக்கிது. பூஞ்சைத் துணுக்கு பட்டதும் அது பக்கத்துப் புரதத்தை உசுப்பும். அது அடுத்ததை. அது அதுக்கடுத்ததை. கடைசியில உள்ளாற இருக்குற கரு வரைக்கும் சேதி போயிடும். இப்படி உசுப்புற ஆளுங்களுக்குப் பேரு கைனேஸ். ஒரு துளி பாஸ்பேட்டை எடுத்து அடுத்தவன் மேல ஒட்டுறதுதான் உசுப்புறது."

"நடுவுல எவனாச்சும் காசை அமுக்கிட்டா?"

இதைக் கேட்டதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "சூப்பர்ப்பா! பூஞ்சையே அதுக்குன்னு ஆளை உள்ள அனுப்பும். சேதியை நடுவழியில அமுக்குறதுக்கு."

பன்னிரண்டாவதில் உயிரியலில் முப்பதைத் தாண்டாத எனக்கு இப்படி ஒரு பாராட்டு. அந்த மிதப்பில் அவள் அடுத்துச் சொன்னதை அரைக்காதில்தான் வாங்கினேன். வளரச் சொல்லும் சேதியும் ஏறக்குறைய இதே ஆட்கள் கைவழியாகத்தான் போகிறதாம். காவலுக்கு நிற்கும் செடி முழு வேகத்தில் வளராதாம். எவ்வளவு வளர்ச்சி குறைகிறது, அதற்கு ஈடாக நோய்க்காலத்தில் எவ்வளவு தப்பிக்கிறது, இதுதான் அவள் தீசிஸ்.

போகும்போது, "உரம் நான் அளந்து போட்டாச்சுப்பா. இனிமே தண்ணி மட்டும்தான். வேற எதுவும் வேணாம்" என்றாள்.

"நான் என்ன சின்னப்புள்ளையா?" என்றேன்.

செப்டம்பர் 21, சனி

சிவப்புக் குச்சிப் பாத்தி குட்டையாக நிற்கிறது. வெள்ளைக் குச்சிப் பாத்தி திமுதிமுவென்று ஏறிவிட்டது. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாலே படிக்கட்டு மாதிரி தெரிகிறது. ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம்.

பக்கத்துக் காடு மச்சினன் தங்கராசுவுடையது. என் வீட்டுக்காரியின் தம்பி. வரப்பில் நின்று பல் குத்திக்கொண்டே கேட்டான்: "ஏன் மாமா, இதுல வெங்காயம் போட்டீங்களா, கோரைப்புல்லு போட்டீங்களா?"

"ஆராய்ச்சிடா."

"அதான பாத்தேன். சும்மா போட்டிருந்தா வளந்திருக்கும்."

செப்டம்பர் 23, திங்கள்

அம்மாக்கண்ணு ஆத்தா தினமும் கீரைக்கட்டோடு அரியலூர் மார்க்கெட்டுக்கு வரும் கிராக்கி. இன்றைக்கு ஜன்னல் சீட்டு. எங்கள் காடு வந்ததும் கழுத்தை வெளியே நீட்டி நன்றாகப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி:

"ஏந்தம்பி அங்கமுத்து, உம் பொண்ணு வெங்காயம் வளக்கப் படிக்குதா, வளராம இருக்கப் படிக்குதா?"

பின்சீட்டு வரைக்கும் சிரிப்பு. முருகையன் சிரித்ததில் ஸ்டியரிங்கே ஆடியது. நானும் சிரித்தேன். என் சிரிப்புதான் எல்லாரையும்விடச் சத்தமாக இருந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்

காடு வரும்போதெல்லாம் குனிந்து சில்லறை எண்ணினேன். பையில் சில்லறையே இல்லை.

செப்டம்பர் 25, புதன்

ரெஸ்ட் நாள். விடியற்காலையில் எழுந்து, மக்காச்சோளத்துக்கு வைத்திருந்த யூரியாவிலிருந்து ஒரு வாளி எடுத்துப் போனேன். சிவப்புக் குச்சிப் பாத்திகளுக்கு மட்டும் தூவினேன். தண்ணீர் கட்டினேன்.

இதிலென்ன தப்பு? சாப்பாட்டுப் பந்தியில் ஒரு பிள்ளை மெலிந்து உட்கார்ந்திருந்தால் இன்னொரு கரண்டி போட மாட்டோமா? அவள் வந்து பார்த்து மனசு உடைய வேண்டாம் என்றுதான். மூன்று வருஷம் படித்த படிப்பு ஊர் வாயில் கோரைப்புல்லாகப் போக வேண்டாம் என்றுதான்.

தப்பில்லை என்றால் ஏன் விடியற்காலையில் போனாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வெயிலுக்கு முன்னால் போடுவது நல்லது என்று பதில் சொல்லிக்கொண்டேன். நல்ல பதில்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி. இன்னொரு வாளி.

அக்டோபர் 5, சனி

ஏறிவிட்டது! இரண்டு குச்சிப் பாத்தியும் தோளோடு தோள். சொல்லப்போனால் சிவப்புக் குச்சியில் பச்சை அதிகம். அம்மாக்கண்ணு ஆத்தாவிடம், "ஆத்தா, இப்பப் பாரு" என்றேன். பார்த்தது. "ம்... மருந்து வேலை செய்யுது" என்றது.

மருந்து. ஆமாம்.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் மலர் அளவுகோலோடு காட்டுக்குள் இறங்கினாள். நான் வரப்பில். கொஞ்ச நேரத்தில் "அப்பா!" என்று கத்தினாள். பாம்பு என்று ஓடினேன்.

"அப்பா, குட்டையே ஆகலப்பா! காவலும் நிக்கிது, வளரவும் வளருது! லேபுல கால்வாசி கம்மியா இருந்துச்சு, இங்க ஒண்ணுமே குறையல. பச்சை பாருங்க, எவ்வளவு ஏறியிருக்கு!"

கண்ணில் தண்ணீர். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் விடப் போனபோது பிடித்தது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான். அங்கேயே நின்று அவளுடைய கைடு மேடத்துக்குப் போன் போட்டாள். மேடம், இதை டிசம்பரில் ஹைதராபாத்தில் ஒரு பெரிய கூட்டத்தில் பேசு என்றாராம்.

குட்டை ஆக வேண்டும் என்றுதான் இவள் நட்டிருக்கிறாள். எவ்வளவு குட்டை என்று பார்க்கத்தான் நட்டிருக்கிறாள். அன்றைக்கே சொன்னாளே. அரைக்காதில் கேட்டதெல்லாம் இப்போது முழுசாகக் கேட்கிறது.

சொல்லிவிட வேண்டியதுதானே? வாய் வரைக்கும் வந்தது. அவள் கை என் கையில் இருந்தது. சொல்லவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

வீட்டுக்காரி அமிர்தவல்லி சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள்: "மக்காச்சோளத்துக்கு வெச்சிருந்த யூரியா எங்க பாதியைக் காணோம்?"

எலி என்று சொல்லலாமா என்று யோசித்தேன். யூரியா தின்கிற எலி. சொல்லிவிட்டேன், உள்ளதை.

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். "பாவி மனுஷா! அது அவ்வளவு சந்தோஷமா போச்சே. இப்பவே போன் போட்டுச் சொல்லுங்க."

"சந்தோஷமா இருக்குல்ல, ரெண்டு நாளு இருக்கட்டுமே."

"பொய்யில இருக்குற சந்தோஷம் எதுக்கு? நாளைக்கு அத்தனை பேரு முன்னாடி நின்னு பேசப் போவுது. அப்பறம் தெரிஞ்சா?"

யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். சொன்னதுமே என்மேல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வை, டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருப்பவனை நான் பார்க்கும் பார்வை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பஸ்ஸுக்கு மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம். என் விசிலுக்கும் பொட்டு வைத்தான் முருகையன். போன் போடவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

மூன்று நாளாக விடாத தூறல். காட்டுப் பக்கம் போகவே காலுக்குப் பயம்.

அக்டோபர் 20, ஞாயிறு

வந்துவிட்டது. கோழிக்கால்.

முதலில் விழுந்தது சிவப்புக் குச்சிப் பாத்தி. தண்ணியும் சதையுமாக மதமதவென்று இருந்த தாள் எல்லாம் முறுக்கிக்கொண்டு மண்ணில் கிடக்கிறது. வெள்ளைக் குச்சியும் விழத்தான் செய்தது, ஆனால் இவ்வளவு இல்லை. காவல்காரனுக்குக் கள்ளு வாங்கி ஊற்றிய கதை. ஊற்றியவன் நான்.

தங்கராசு வந்து பார்த்தான். இன்று பல் குத்தவில்லை. "யூரியா ஏறுன காட்டுலதான் மாமா இப்படி மொதல்ல விழும். ஆனா நம்ம மலரு அளந்துதானே போட்டுச்சு?" என்றான்.

"அளந்துதான் போட்டுச்சு" என்றேன். பொய் இல்லை. அவள் அளந்துதான் போட்டாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிக்கு முன்கூட்டியே வந்துவிட்டாள். நோய் வந்ததைப் போனிலேயே அம்மா சொல்லியிருந்தாள். எந்தப் பாத்தி என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நான் என்று எனக்காக விட்டுவைத்திருக்கிறாள்.

மலர் நேராகக் காட்டுக்குப் போய் ஒவ்வொரு பாத்தியாக உட்கார்ந்து பார்த்தாள். செடியைப் பிடுங்கிப் பையில் போட்டுப் பேர் எழுதினாள். கடைசியில் வரப்பில் வந்து உட்கார்ந்தாள். செருப்பெல்லாம் சேறு.

"லேபுல நின்னுச்சுப்பா. தொட்டியில நின்னுச்சு. காட்டுல நிக்கல. அதுவும் மருந்து தெளிச்சதுதான் மொதல்ல போயிருக்கு. நான் நெனச்சதே தப்புப்பா."

"அப்படியெல்லாம் சொல்லாத."

"இல்லப்பா. கை மாத்தி கை மாத்திச் சேதி போவுதுன்னு நானா ஒரு கதை கட்டிக்கிட்டேன். மேடத்துக்கிட்ட சொல்லிடப் போறேன், தலைப்பை மாத்திக்கிறேன்னு. எனக்குத்தான் புத்தி பத்தல."

எனக்குத்தான் புத்தி பத்தல. இது என் வாக்கியம். பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த அன்றைக்கு நான் சொன்னது. இவள் வாயில் இதை யார் வைத்தது?

அப்போதாவது சொன்னேனா? "காப்பி குடிக்கிறியா" என்று கேட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மூன்று தடவை ஆரம்பித்தேன். முதல் தடவை அதிரசத்தில் வெல்லம் சரியா என்று முடிந்தது. இரண்டாவது தடவை கோயம்புத்தூரில் மழையா என்று முடிந்தது. மூன்றாவது தடவை அமிர்தவல்லி வேண்டுமென்றே எழுந்து கொல்லைப்பக்கம் போய் எங்களைத் தனியாக விட்டாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

எண்பது பேருக்கு நடுவில் முண்டியடித்து, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று கத்துகிற தொண்டை இது. ஒரு பிள்ளையிடம் நாலு வார்த்தை வரவில்லை. தூ.

நவம்பர் 2, சனி

சொல்லிட்டேன்.

எப்படி எழுதுறதுன்னு தெரியல. நடந்த மாதிரியே எழுதுறேன்.

அரியலூரிலிருந்து திரும்பும் ட்ரிப். தீபாவளி அலுப்பில் பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்தான். எங்கள் ஊர் ஸ்டாப்பில் மலர் பையோடு ஏறினாள். பெரம்பலூர் போய் கோயம்புத்தூர் பஸ் பிடிக்க வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அடுத்த வளைவில் எங்கள் காடு. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஒரு மாசமாகச் சில்லறை எண்ணுவது போல.

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ட்யூட்டியில் நான் உட்காருவதில்லை. முருகையன் கண்ணாடியில் பார்த்தான்.

"மலரு. செடி குட்டையாத்தான் இருந்துச்சு."

"என்னப்பா?"

"சிவப்புக் குச்சிக்கு நாந்தான் யூரியா போட்டேன். ரெண்டு வாளி."

பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ ஓரமாகக் கை காட்டினார்கள் போல. நான் விசில் அடிக்கவில்லை, முருகையன் தாண்டிப் போய்விட்டான். பின்னால் கெட்ட வார்த்தை கேட்டது.

அழுவாள், கத்துவாள் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்டாள்: "என்னைக்கு?" சொன்னேன். "ரெண்டாவது தடவை?" சொன்னேன். "எல்லாச் சிவப்புப் பாத்திக்குமா? வெள்ளையில ஒண்ணுல கூட விழலையா?" சொன்னேன். "தண்ணி உடனே கட்டுனீங்களா?" கட்டினேன் என்றேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் முன்னால் பையைக் கொட்டிக் காட்டுவது மாதிரி எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டியிருந்தால் தேவலாம்.

அப்புறம் கேட்டாள், "எதுக்குப்பா?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

"என்னைப் பாத்தா?"

ஆமா, உன்னைப் பாத்துத்தான், அதான் எனக்குப் பொறுக்கலன்னு சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் இத்தனை நாளா மனசுக்குள்ள ஒத்திகை. அவ கண்ணைப் பாத்ததும் அது வரல.

"இல்ல. என்னைப் பாத்து."

பெரம்பலூர் நான்கு ரோடு வந்தபிறகுதான் பேசினாள். "குட்டையா இருக்குன்னு ஊருக்குக் காட்டத்தானேப்பா நட்டேன்."

பஸ் ஸ்டாண்டில் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. எல்.கே.ஜி.யிலிருந்து சொல்லாமல் போனதில்லை.

முருகையன் டீ வாங்கிக் கொடுத்தான். ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு இவ்வளவு நல்ல குணம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 5, செவ்வாய்

அம்மாவுக்கு மட்டும் போன் வருகிறது.

நவம்பர் 9, சனி

இன்றும். "அப்பா எப்படி இருக்காரு" என்றுகூடக் கேட்கவில்லையா என்றேன். "கேட்டுச்சு, சாப்பிடுறாரான்னு" என்றாள் அமிர்தவல்லி. உண்மையா, எனக்காகச் சொன்னாளா?

நவம்பர் 13, புதன்

அமிர்தவல்லி மூலமாக வந்த செய்தி. மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். ஹைதராபாத் ரத்து. இந்தப் போகத்தின் அளவு எதுவும் தீசிஸில் சேராது. ஆனால் தலைப்பை மாற்ற வேண்டாம், திரும்ப நடு என்று மேடம் சொல்லிவிட்டாராம். தப்பு மலருடையது இல்லை என்று ஆகிவிட்டது. அதுவே எனக்குப் போதும் —

இந்த வரியை எழுதிவிட்டு நிறுத்தினேன். நல்லவன் வேஷம். போதாது. பிள்ளைக்கு ஒரு போகம் போச்சு, கூட்டம் போச்சு, அந்த மேடம் முன்னால் "எங்கப்பாதான்" என்று சொல்லி நின்றிருக்கிறாள். அப்போது அவள் முகம் எப்படி இருந்திருக்கும்? நான் பஸ்ஸில் பட்ட வெட்கம் அதற்குக் காணுமா?

நவம்பர் 17, ஞாயிறு

வந்தாள். என்னைப் பார்த்து "வேலை இல்லியா?" என்றாள். அப்பா என்கிற வார்த்தை சேர்க்கவில்லை. நேராகத் தங்கராசு வீட்டுக்குப் போனாள். எங்கள் மண்ணில் யூரியா ஏறிக் கிடக்கிறது, அளவு தப்பாகக் காட்டும். அதனால் தங்கராசு காட்டில் நடப்போகிறாளாம்.

சாயங்காலம் தங்கராசு வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு, அடக்கத் தெரியாமல். "மாமா, ஒரு சேதி. நீங்க வரப்புக்கு அந்தப்பக்கம் காலு வெக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னது?"

"விஞ்ஞானிதான். ஆடு, மாடு, மாமா மூணும் உள்ள வராம பாத்துக்கச் சொல்லுச்சு."

அவனே சேர்த்த ஆடு மாடாகத்தான் இருக்கும். மாமா மட்டும் அவள் சொன்னது.

நவம்பர் 25, திங்கள்

நேற்று தங்கராசு காட்டில் நட்டாகிவிட்டது. பழைய குச்சிகளே. நான் ரோட்டிலிருந்து பார்த்தேன்.

இன்று பஸ்ஸில் அம்மாக்கண்ணு ஆத்தா, "உங்க காடு மொத்தமும் படுத்துருச்சாமே. உம் பொண்ணு மருந்து அவ்வளவுதானா?" என்றது. பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள். முன்பு நான் சத்தம் போட்டுச் சொன்னதை எல்லாம் அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"எம் பொண்ணு போட்டது படுக்கல ஆத்தா. குட்டையா இருக்குன்னு நீ சிரிச்சியே, அது குட்டையாத்தான் இருக்கணுமாம். எனக்கு வெக்கமாப் போயி, அதுக்குத் தெரியாம யூரியா போட்டேன். அதான் படுத்துருச்சு" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

ஒரே சிரிப்பு. இந்த முறை நான் சேர்ந்து சிரிக்கவில்லை. காது சூடேறிக் கிடந்தது. ஆத்தா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தது. "நானும் சும்மா வாய வெச்சிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தது. இறங்கும்போது, வேண்டாம் என்றாலும் கேட்காமல், ஒரு கட்டு முருங்கைக்கீரையை என் சீட்டில் வைத்துவிட்டுப் போனது.

டிசம்பர் 20, வெள்ளி

தங்கராசு காட்டில் சிவப்புக் குச்சிப் பாத்திகள் குட்டையாக நிற்கின்றன. பஸ்ஸிலிருந்தே தெரிகிறது. ஒரு வெளியூர்க்காரர், "அது என்னங்க பாதி வளந்து பாதி வளராம?" என்று கேட்டார். அறிவிப்பெல்லாம் நிறுத்திவிட்ட ஆள் நான். கேட்டதால் சொன்னேன்: "அது காவல்ல நிக்கிதுங்க."

மேற்கொண்டு கேட்டிருந்தால் கை மாற்றிக் கை மாற்றி என்று ஆரம்பித்திருப்பேன். நல்லவேளை, தூங்கிப்போனார்.

ஜனவரி 5, ஞாயிறு

மார்கழிப் பனி. காலையில் மலர் வாசலில் வந்து நின்றாள். கையில் அளவுகோல். கூட அளக்க வர வேண்டிய ஜூனியர் பையன் பரணிதரனுக்குக் காய்ச்சலாம்.

"ஆளு இல்ல" என்றாள். கொஞ்சம் நின்றாள். "அப்பா, நீங்க வரீங்களா? நீங்க அளந்து சொல்லணும், நான் போன்ல ஏத்திக்கிறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன் என்றே சொல்லலாம். தங்கராசு வரப்பு வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. அவள் முன்னால் போய்க்கொண்டே திரும்பாமல், "வாங்க" என்றாள்.

வெள்ளைக் குச்சியில் ஆரம்பித்தோம். மண்ணில் அளவுகோலை ஊன்றி, நுனித்தாள் எங்கே முடிகிறது என்று படிக்க வேண்டும். நான் சொன்னதும் அவள் குனிந்து, தானும் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றினாள். ஒவ்வொரு செடிக்கும். ஏன் என்று கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

அப்புறம் சிவப்புக் குச்சி. குட்டை. தங்கராசு தன் பம்புசெட் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ரோட்டில் ஒரு பஸ் போனது. எங்கள் பஸ்தான், இன்று வேறு கண்டக்டர். ஒரு செடியில் தாள் நுனி லேசாக மடங்கியிருந்தது. என் கை தானாகப் போய் அதை நீட்டிப் பிடித்தது. அரை சென்டிமீட்டர் கூடும். நிமிர்ந்தேன். அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை எடுத்தேன். தாள் மடங்கிக்கொண்டது.

"பதினெட்டு" என்றேன், தங்கராசுவுக்கும் கேட்கிற மாதிரி.

அவள் குனிந்து அளந்தாள். ஏற்றிக்கொண்டாள். அடுத்த செடிக்கும் குனிந்தாள். அதற்கடுத்த செடிக்கும். பாத்தி பாதி தாண்டியிருக்கும், "பதினேழரை" என்று சொல்லிவிட்டு அவள் குனிவதற்காக அளவுகோலைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தேன்.

"ம்" என்று ஏற்றிக்கொண்டாள். "அடுத்தது சொல்லுங்கப்பா."